வணிக வகைகளும் வரிக் கணக்கின் கடைசி நாள்களும்

ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியில் வணிகர்களிடையேயும் கணக்கர்களிடையேயும் ஒரே கேள்வி எழுகிறது: "கடைசி நாளை நீட்டிப்பார்களா?" வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கான நாள் என்பது அரசு தன் வசதிக்காகக் குறித்த ஒரு தேதி, அதைத் தேவைக்கேற்பத் தள்ளி வைத்தால் எவருக்கும் இழப்பில்லை என்ற எண்ணமே இக்கேள்வியின் அடிப்படை. கம்பெனிக்கு ஒரு நாள், கூட்டு வணிகத்துக்கு ஒரு நாள், சிறு கடைக்கு வேறொரு நாள் என ஏன் இத்தனை நாள்கள் என்று பொருளாதார மாணவர்கள் கேட்பதும் உண்டு.

இந்நாள்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்பவர் மறுவாரமே மறந்துவிடுவர். அவை எந்த வரிசையில் அமைந்துள்ளன, ஒன்று மற்றொன்றுக்கு முன் ஏன் நிற்கிறது என்பதை அறிந்தவருக்கு அத்தொல்லை இல்லை. ஒருவர் தாக்கல் செய்யும் கணக்கு அவருக்கும் அரசுக்கும் இடையே முடிந்துவிடுவதில்லை. அவரிடம் சரக்கு வாங்கியவர், அவரிடம் சம்பளமோ கட்டணமோ பெற்றவர், அவருடன் தொழிலில் பங்கு கொண்டவர் ஆகியோரின் கணக்குகள் அதன்மேல் எழுப்பப்படுகின்றன. ஆகவே, ஒருவர் தாமதித்தால் அதன் சுமை பெரும்பாலும் அடுத்தவர் தலையில் விழுகிறது. வருமான வரி, மூலத்தில் பிடிக்கும் வரி, சரக்கு மற்றும் சேவை வரி ஆகிய மூன்றிலும் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இங்குக் காண்போம்.

கணக்காண்டு ஒன்றானது

இந்தியாவில் வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சனால் கொண்டுவரப்பட்டது. அரசின் நிதியாண்டு அப்போது மே 1இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடிந்தது. 1867இல்தான் அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என மாற்றப்பட்டது. எனினும் அரசின் ஆண்டு வேறு, வணிகரின் ஆண்டு வேறு என்ற நிலை அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. குஜராத்தில் தீபாவளியை ஒட்டிப் புதுக் கணக்குத் தொடங்கும் வணிகர்கள் தீபாவளிக்குத் தீபாவளி பேரேட்டை முடித்தனர். வங்காளத்தில் பைசாக் மாதப் பிறப்பன்று 'ஹால்காதா' என்னும் புதுப் பேரேடு திறப்பது வழக்கம். வேறு சிலர் ஆங்கில ஆண்டைக் கொண்டனர். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இவ்வழக்கங்களுக்கு இடம் தந்து, அவரவர் கணக்கு முடிக்கும் பன்னிரண்டு மாதங்களையே 'முந்தைய ஆண்டு' எனக் கொள்ள அனுமதித்தது.

வணிகருக்கு இது வசதியாகவே இருந்தது. கணக்கைச் சரிபார்ப்பவருக்கு அன்று. ஒருவர் செலவாகக் காட்டிய தொகை மற்றொருவரின் பேரேட்டில் வேறோர் ஆண்டின் வரவாக அமர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இயலாது. 1987ஆம் ஆண்டு நேரடி வரிச் சட்டத் திருத்தம் இந்நிலைக்கு முடிவு கட்டியது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல் அனைவரும் மார்ச் 31 அன்று கணக்கை முடிக்க வேண்டும் என்றாயிற்று. (நிதியாண்டையே மாற்றலாமா என ஆராய்ந்த எல். கே. ஜா குழு 1985இல் ஜனவரியில் தொடங்கும் ஆண்டைப் பரிந்துரைத்தது என்பதும், அரசு அதனை ஏற்கவில்லை என்பதும் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கன.)

அன்று முதல் நாடெங்கும் எல்லாப் பேரேடுகளும் ஒரே இரவில் முடிகின்றன. கணக்கு முடியும் நாளில் இருந்த வேறுபாடு, கணக்குத் தாக்கல் செய்யும் நாளுக்கு இடம் பெயர்ந்தது எனலாம்.

வருமான வரியின் படிகள்

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் சட்டம் குறித்திருந்த நாள்கள் மூன்று. கணக்குத் தணிக்கை தேவைப்படாத தனி வணிகர், இந்துக் கூட்டுக் குடும்பம், கூட்டு வணிக நிறுவனம் ஆகியோருக்கு ஜூலை 31. கம்பெனிகளுக்கும், தணிக்கைக்கு உட்பட்ட பிற அனைவருக்கும் அக்டோபர் 31. அயல்நாட்டிலுள்ள தொடர்புடைய நிறுவனத்துடன் கொடுக்கல் வாங்கல் வைத்து, அதற்கெனத் தனிக் கணக்காய்வாளர் அறிக்கை தர வேண்டியவருக்கு நவம்பர் 30.

இப்படிகள் வணிகத்தின் பெருமை சிறுமை பற்றி எழுந்தவை அல்ல. ஐந்தொகை முடிந்த பின் அதன்மேல் எத்தனை கைகள் பட வேண்டும் என்பது பற்றி எழுந்தவை. சிறு வணிகரின் கணக்கில் அவரும் அவர் கணக்கரும் மட்டுமே கை வைக்கின்றனர். கம்பெனியின் நிலை வேறு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், அது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டித் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் பொது விதி. அதன் பின் 30 நாள்களுக்குள் நிதிநிலைக் கணக்கையும், 60 நாள்களுக்குள் ஆண்டு விவரத்தையும் கம்பெனிப் பதிவாளரிடம் தர வேண்டும். பங்குதாரர்கள் பார்க்காத கணக்கின்மேல் வரிக் கணக்கு எழுதுவது முறையாகாது. ஆகையால், இலாபம் ஈட்டினாலும் நட்டம் அடைந்தாலும், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும், கம்பெனிக்கு அக்டோபர் 31. அயல்நாட்டுத் தொடர்புடையவர் விற்ற விலையும் வாங்கிய விலையும் சந்தை விலைக்கு ஒத்தனவா என ஆராய மேலும் ஒரு மாதம் தரப்படுகிறது.

வருமான வரிக்கான கட்டாயத் தணிக்கை 1984ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் புகுத்தப்பட்டது. வணிகத்துக்கு ரூ. 40 இலட்சம் விற்றுமுதல், தொழில்முறைப் பணிக்கு ரூ. 10 இலட்சம் வரவு என்பன அன்றைய வரம்புகள். பின்னர் அவை படிப்படியாக உயர்ந்து, வணிகத்துக்கு ரூ. 1 கோடியாகவும், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு ரூ. 50 இலட்சமாகவும் ஆயின. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 விழுக்காட்டைத் தாண்டாத வணிகருக்கு இவ்வரம்பு 2020இல் ரூ. 5 கோடியாகவும், 2021இல் ரூ. 10 கோடியாகவும் உயர்த்தப்பட்டது. இதன் பயனை நாள் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரே தெருவில் ரூ. 4 கோடிக்கு விற்கும் இரு கடைகளில், வங்கி வழியே விற்பவருக்குத் தணிக்கை இல்லை. ரொக்கத்தில் பெருமளவு விற்பவருக்குத் தணிக்கையும் உண்டு, பிந்திய நாளும் உண்டு.

தணிக்கைக்கு உட்பட்ட கூட்டு நிறுவனத்தின் பங்காளிக்கும் நிறுவனத்துக்குரிய நாளே பொருந்தும். அவர் வேறு தொழில் ஏதும் செய்யாதவராயினும் இதில் மாற்றமில்லை. நிறுவனத்தின் கணக்கு முடியாமல் அவருக்குரிய சம்பளமும் வட்டியும் எவ்வளவு என்பது தெரியாது. ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கின்மேல் நிற்கிறது என்பதைச் சட்டமே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடம் இது.

தணிக்கை அறிக்கைக்கும் வரிக் கணக்குக்கும் இடையேயும் இவ்வரிசை உண்டு. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரையில் இரண்டுக்கும் செப்டம்பர் 30 என்ற ஒரே நாளே இருந்தது. அச்சட்டம் வரிக் கணக்கின் நாளை அக்டோபர் 31 ஆக்கி, தணிக்கை அறிக்கை அதற்கு ஒரு மாதம் முன்னதாக வர வேண்டும் என்றது. அறிக்கையிலுள்ள எண்களை வரித் துறையே படிவத்தில் முன்கூட்டி நிரப்பித் தர இந்த ஒரு மாதம் உதவும் என்பது காரணமாகக் கூறப்பட்டது.

பிடித்த வரி, முன்கூட்டிய வரி

ஆண்டுக் கணக்குக்கு முன்பே வரியின் பெரும்பகுதி அரசிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கும் நாள்கள் உண்டு. முன்கூட்டிய வரியை ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்ற அளவில் செலுத்த வேண்டும். 2016க்கு முன் கம்பெனிக்கு நான்கு தவணை, பிறருக்கு மூன்று தவணை என இருந்தது, இப்போது வேறுபாடில்லை. விற்றுமுதலில் குறிப்பிட்ட விழுக்காட்டை இலாபம் எனக் கொள்ளும் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்த சிறு வணிகருக்கு மட்டும் மார்ச் 15 என்ற ஒரே தவணை. ஆண்டு நடுவில் இலாபத்தைக் கணக்கிட அவரிடம் பேரேடே இல்லாதிருக்கலாம் என்பதால் இச்சலுகை நியாயமானது.

மூலத்தில் பிடித்த வரியே அலுவலர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது. பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் பிடித்ததற்கு ஏப்ரல் 30 வரை இடம் உண்டு. யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்னும் காலாண்டு விவரத்தை ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகிய நாள்களுக்குள் தர வேண்டும். கடைசிக் காலாண்டுக்கு மட்டும் இரண்டு மாதம் இருப்பது ஆண்டு முழுவதற்கும் கணக்கை ஒத்துப் பார்ப்பதற்காக. அதன் பின் ஜூன் 15க்குள் சம்பளதாரருக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டும்.

பணத்தை உரிய நாளில் கட்டிவிட்டு, விவரத்தைத் தராமல் விடும் அலுவலகங்கள் உண்டு. 'பணம்தான் போய்விட்டதே' என்பர். செலானில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். அது எவருடைய பணம் என்பது காலாண்டு விவரத்தில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்து ஆண்டில் ரூ. 8 இலட்சம் கட்டணம் பெறும் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 10 விழுக்காடு வீதம் ரூ. 80,000 பிடிக்கப்பட்டுள்ளது. மே 31க்குள் விவரம் தரப்படாவிட்டால் ஜூலையில் அவர் கணக்கைத் திறக்கும்போது அந்த ரூ. 80,000 அவர் பெயரில் இராது. விட்டுவிட்டுத் தாக்கல் செய்தால் தம் பணத்தை இழப்பார். சேர்த்துக்கொண்டு தாக்கல் செய்தால் பொருந்தவில்லை என்று கடிதம் வரும். தாமதித்த நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம் உண்டு. ஆனால் அத்தொகை அரசுக்குச் செல்கிறதேயன்றிப் பொறியாளருக்குச் செல்வதில்லை.

ஜி.எஸ்.டி.: மாதந்தோறும் ஒரு சங்கிலி

வருமான வரியில் ஆண்டுக்கொருமுறை காணும் வரிசையைச் சரக்கு மற்றும் சேவை வரியில் மாதந்தோறும் காணலாம். 2017 ஜூலை 1இல் இவ்வரி நடைமுறைக்கு வந்தபோது விற்பவர் 10ஆம் நாளில் விற்பனையைக் காட்டுவது, வாங்குபவர் 15ஆம் நாளில் அதைச் சரிபார்ப்பது, இருவரும் 20ஆம் நாளில் வரியைக் கட்டுவது என மூன்று படிகள் திட்டமிடப்பட்டன. இடைப்படி வணிகருக்கும் கணினித் தளத்துக்கும் தாங்க முடியாத சுமையாயிற்று; அதே ஆண்டு நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. இன்றுள்ள முறையில் விற்பவர் மாதாந்தர விற்பனை அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-1ஐ அடுத்த மாதம் 11ஆம் நாளுக்குள் தருகிறார். 14ஆம் நாளன்று, வாங்கியவருக்கு எவ்வளவு உள்ளீட்டு வரி வரவு உண்டு என்னும் 2பி பட்டியலைத் தளமே தயாரிக்கிறது. 20ஆம் நாளுக்குள் 3பி அறிக்கையுடன் வரி கட்டப்படுகிறது.

பதினொன்று, பதினான்கு, இருபது என்னும் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே நிற்க முடியும். முதல் நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ராஜ்கோட்டில் இயந்திரக் கருவிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறை மாதம் ரூ. 4 இலட்சத்துக்கு இரும்பு வாங்கி, ரூ. 6 இலட்சத்துக்கு உதிரிப்பாகம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வரி 18 விழுக்காடு. பட்டறை இரும்பு வணிகரிடம் ரூ. 72,000 வரி கொடுத்துவிட்டது. தன் விற்பனைக்கு ரூ. 1,08,000 வரி கட்ட வேண்டும். முன்னதைப் பின்னதில் கழித்தால் கட்ட வேண்டியது ரூ. 36,000. இரும்பு வணிகர் தம் விற்பனையை 11ஆம் நாளுக்குள் காட்டாமல் 16ஆம் நாள் காட்டுகிறார். ஐந்தே நாள் தாமதம். ஆனால் 14ஆம் நாள் பட்டியலில் அந்த ரூ. 72,000 இல்லை. 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் தம் அறிக்கையில் காட்டி, அது வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டாலன்றி வரவு எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே, பட்டறைக்காரர் ரூ. 1,08,000 முழுவதையும் கையிலிருந்து கட்ட வேண்டும். ஐந்து நாள் தாமதம் அவருக்கு ஒரு மாதத் தாமதமாக, ரூ. 72,000 முடக்கமாக மாறுகிறது. பணம் இல்லையென்று அவரும் ஒரு மாதம் தாமதித்தால் ரூ. 1,08,000க்கு 18 விழுக்காடு வட்டி ஏறத்தாழ ரூ. 1,600 ஆகும். அவரது 3பி தாமதம் அத்துடன் நில்லாது. விற்பவர் 3பி தராமலே விட்டால், நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30க்குப் பின், அவரிடம் வாங்கியவர் எடுத்த வரவை நவம்பர் 30க்குள் திருப்பிக் கட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் விதி சேர்க்கப்பட்டது.

குற்றம் செய்யாதவர் தண்டனை ஏற்கும் இம்முறை நியாயமா என்ற வாதம் நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. கட்டப்படாத வரிக்கு வரவு தந்தால் கருவூலத்துக்கு இழப்பு என்னும் அரசின் வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும் வாங்குபவருக்கு விற்பவரை வற்புறுத்த வலிமை இருந்தால்தான் இம்முறை செவ்வனே இயங்கும். பெரிய நிறுவனம் தனக்குச் சரக்கு தரும் சிறு பட்டறையின் பில்லில் வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, அறிக்கை வந்த பின் தரும். சிறு பட்டறை தனக்கு இரும்பு தரும் பெருவணிகரிடம் அவ்வாறு செய்ய இயலாது. நாள் எல்லோருக்கும் ஒன்றாயினும் அதன் பாரம் ஒன்றன்று என்பதைப் பொருளாதார மாணவர் இங்குக் காணலாம்.

சிறியோர்க்குத் தந்த சலுகையிலும் இதே சிக்கல் ஒளிந்துள்ளது. ரூ. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளோர் மாதந்தோறும் அறிக்கை தராமல் காலாண்டுக்கு ஒருமுறை தரும் திட்டம் 2021 ஜனவரி 1இல் தொடங்கியது. அவர்கள் காலாண்டின் முதல் இரு மாதங்களுக்குரிய வரியை அடுத்தடுத்த மாதங்களின் 25ஆம் நாளுக்குள் கட்டிவிட்டு, காலாண்டு முடிந்ததும் விற்பனை அறிக்கையை 13ஆம் நாளுக்குள்ளும், 3பி அறிக்கையை மாநிலத்துக்கேற்ப 22 அல்லது 24ஆம் நாளுக்குள்ளும் தர வேண்டும். குஜராத், மகாராஷ்டிரம், தென் மாநிலங்கள் முதலியவற்றுக்கு 22. உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், மேற்கு வங்கம் முதலியவற்றுக்கு 24. ஒரே நாளில் அனைவரும் நுழைந்தால் தளம் திணறுகிறது என்பதே இப்பிரிவினைக்குக் காரணம். வேறு தத்துவம் இதில் இல்லை.

காலாண்டு முறையைத் தேர்ந்தவரிடம் ஏப்ரலில் சரக்கு வாங்கியவர் வரவுக்காக ஜூலை வரை காத்திருக்க நேரும். இக்குறையை நீக்க, காலாண்டின் முதல் இரு மாதங்களிலும் விற்பனைப் பில்களை மட்டும் அடுத்த மாதம் 13ஆம் நாளுக்குள் பதிவேற்றும் வசதி தரப்பட்டுள்ளது. அது கட்டாயமன்று. ஆனால் அதைப் பயன்படுத்தாத சிறு வணிகர், மாதந்தோறும் வரவு எதிர்பார்க்கும் பெரிய வாடிக்கையாளரை இழக்கக் கூடும். சலுகையை ஏற்கும்போது தம்மிடம் வாங்குவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நன்று. நேரே பொதுமக்களுக்கு விற்கும் மளிகைக் கடைக்கு இக்கவலை இல்லை.

இணக்க முறையில் வரி கட்டும் சிறு வணிகருக்குச் சங்கிலியே கிடையாது. அவர் வரி வசூலிப்பதில்லை. அவரிடம் வாங்கியவருக்கு வரவும் இல்லை. ஆகையால் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் நாளுக்குள் வரியும், ஆண்டுக்கு ஓர் அறிக்கையும் தந்தால் போதும். ஆண்டறிக்கையின் நாள் 2024-25 நிதியாண்டு முதல் ஏப்ரல் 30இலிருந்து ஜூன் 30க்கு மாற்றப்பட்டது. அடுத்தவர் எவரும் இவ்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை என்பதால் இரு மாத மாற்றம் எவரையும் பாதிக்கவில்லை.

நாள் தவறினால் இழப்பது எது?

தாமதக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு, 'ஐயாயிரம் ரூபாய்தானே' என்று அமைதி கொள்வோர் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருமான வரிக் கணக்குத் தாமதத்துக்குரிய கட்டணம் ரூ. 5,000, மொத்த வருமானம் ரூ. 5 இலட்சத்தைத் தாண்டாவிடில் ரூ. 1,000. கட்ட வேண்டிய வரி பாக்கியிருந்தால் மாதத்துக்கு ஒரு விழுக்காடு வட்டி. இவை வெளியே தெரியும் இழப்புகள்.

வெளியே தெரியாத இழப்பு நட்டத்தில் உள்ளது. வணிக நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிந்திய இலாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நட்டம் அடைந்த ஆண்டின் கணக்கை உரிய நாளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தேய்மானத்தில் எஞ்சிய தொகைக்கு இந்நிபந்தனை இல்லை. வணிக நட்டத்துக்கு உண்டு. முன் கூறிய பட்டறை ஓராண்டில் ரூ. 9 இலட்சம் நட்டம் அடைகிறது. வரி ஏதும் கட்ட வேண்டியதில்லை, அவசரம் என்ன என்று உரிமையாளர் ஒரு வாரம் தாமதிக்கிறார். பின்னர் இலாபம் பெருகி 30 விழுக்காட்டு வரிப்படிக்கு வரும்போது, அந்நட்டத்தைக் கழித்திருந்தால் ரூ. 2,70,000 வரி குறைந்திருக்கும். அது இப்போது கிடையாது. உரிய நாளில் தாக்கல் செய்ய வேண்டிய தேவை இலாபம் அடைந்தவரைவிட நட்டம் அடைந்தவருக்கே மிகுதி. இதனை வணிகர்களுக்கு எடுத்துரைக்கும் வாய்ப்புள்ள அலுவலர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தக்க காரணம் இருப்பின் தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரம் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு உண்டு. அதற்கான விண்ணப்பத்தை மதிப்பீட்டு ஆண்டு முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தர வேண்டும் என 2024 அக்டோபர் 1ஆம் நாளிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. சரக்கு மற்றும் சேவை வரியில் கதவு இன்னும் இறுக்கமானது. ஓராண்டின் பில்லுக்குரிய வரவை அடுத்த நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டறிக்கை தரும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் எடுத்தாக வேண்டும். உரிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்த அறிக்கையைத் தளம் ஏற்காது. 2025 ஜூலை மாத வரிக் காலத்திலிருந்து இது நடைமுறையில் உள்ளது.

நீட்டிப்பும் அதன் விளைவும்

2024 ஜூலை 31 வரை 7.28 கோடிக்கு மேற்பட்ட வருமான வரிக் கணக்குகள் தாக்கல் செய்யப்பட்டன. அவற்றுள் 69.92 இலட்சம் கடைசி நாளான ஜூலை 31 அன்று மட்டும் வந்தவை. ஏறத்தாழ பத்தில் ஒன்று. அவ்வாண்டு நாள் நீட்டிக்கப்படவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றுக் காலத்தில் நாள்கள் பலமுறை தள்ளப்பட்டன. அதற்கு மறுப்புக் கூற இயலாது. 2025இல் ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆகவும், அந்நாளிலேயே மேலும் ஒரு நாள் கூட்டிச் செப்டம்பர் 16 ஆகவும் மாறியது. படிவங்களில் மிகுதியான மாற்றங்கள் இருந்ததையும் கணினி ஏற்பாட்டுக்குக் காலம் தேவைப்பட்டதையும் வாரியம் மே மாதத்திலேயே காரணமாகக் கூறியது. மே 31க்குள் வர வேண்டிய வரிப்பிடித்த விவரங்கள் ஜூன் தொடக்கத்தில்தான் தெரியத் தொடங்கும் என்பதையும் அது சுட்டியது. ஒருவர் நாள் மற்றொருவர் நாளைச் சார்ந்திருப்பதை வாரியமே கூறிய சொற்கள் என இதனைக் கொள்ளலாம்.

சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் நகர்த்தினால் என்ன நேரும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் உள்ளன. 2014இல் தணிக்கை அறிக்கைக்குரிய நாள் செப்டம்பர் 30இலிருந்து நவம்பர் 30க்கு நீட்டிக்கப்பட்டது. வரிக் கணக்கின் நாள் மட்டும் செப்டம்பர் 30ஆகவே விடப்பட்டது. தணிக்கை முடியாத கணக்கின்மேல் வரிக் கணக்கு எழுதும் நிலை எழுந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் வரிக் கணக்கின் நாளும் நவம்பர் 30க்கு மாற்றப்பட்டது. 2025இலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. செப்டம்பர் 25 அன்று தணிக்கை அறிக்கையின் நாள் அக்டோபர் 31க்குத் தள்ளப்பட்டது. வரிக் கணக்கின் நாளும் அதே அக்டோபர் 31. இடையே இருக்க வேண்டிய ஒரு மாதம் எங்கே என்று வரி ஆலோசகர்கள் கேட்டனர். குஜராத் உயர் நீதிமன்றம் அக்டோபரில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியில் வாரியம் தணிக்கை அறிக்கைக்கு நவம்பர் 10, வரிக் கணக்குக்கு டிசம்பர் 10 என இரண்டையும் சேர்த்து நகர்த்தியது.

நீட்டிப்பு தேவைப்படும் காலங்கள் உண்டு. ஆனால் கடைசி வாரத்தில் வரும் நீட்டிப்பு, முன்னரே முடித்தவருக்குப் பயன் தருவதில்லை. முடிக்காதவருக்கு மறு ஆண்டும் காத்திருக்கப் பயிற்சி தருகிறது. சிறு நகரங்களில் ஒரே ஆடிட்டர் அலுவலகம் ஜூலையில் சம்பளதாரர்களையும், செப்டம்பரில் தணிக்கைகளையும், மாதந்தோறும் 11, 20 ஆகிய நாள்களில் ஜி.எஸ்.டி. அறிக்கைகளையும் கவனிக்கிறது. முதல் வேலை செப்டம்பருக்கு நகர்ந்தால் இரண்டாம் வேலையின்மேல் அமர்கிறது. 2025இல் நடந்தது ஏறத்தாழ இதுவே.

இவ்வகையில் 2026 பிப்ரவரி 1ஆம் நாள் நிதிநிலை அறிக்கை உரையில் வந்த முன்மொழிவு கவனத்துக்குரியது. சம்பளம் போன்ற வருமானம் மட்டும் உள்ள, முதல் இரு வகைப் படிவங்களைத் தரும் தனிநபர்களுக்கு ஜூலை 31 தொடரும். தணிக்கை தேவைப்படாத வணிகருக்கு ஆகஸ்ட் 31 வரை காலம் தரப்படும் என்று அதில் கூறப்பட்டது. சிறு வணிகர் தம் விற்பனையை ஜி.எஸ்.டி. கணக்குடனும், பிடிக்கப்பட்ட வரியைத் துறையின் பட்டியலுடனும் ஒத்துப் பார்த்து ஐந்தொகை முடிக்க வேண்டியவர். அப்பணி ஏதும் இல்லாத சம்பளதாரருடன் அவரை ஒரே நாளில் நிறுத்தியிருந்தது பொருத்தமற்ற ஏற்பாடே. ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துச் சேர்க்கும் ஒரு மாதம், ஜூலை 30 அன்று தரும் ஒன்றரை மாதத்தைவிட மேலானது.

2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என மாணவரைக் குழப்பி வந்த இரு சொற்களுக்கு மாற்றாக அதில் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் ஆளப்படுகிறது. படிகளின் அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. இனிக் கவனம் செல்ல வேண்டிய இடம் கடைசி நாள் அன்று, முதல் நாள். தாக்கலுக்குரிய படிவமும் மென்பொருளும் ஏப்ரல் மாதத்திலேயே கைக்கு வந்தால், ஜூன் 15இல் சான்றிதழ் பெறும் சம்பளதாரருக்கு ஆறு வாரங்களும் சிறு வணிகருக்குப் பத்து வாரங்களுக்கு மேலும் கிடைக்கும். படிவம் ஜூலையில் வந்தால், சட்டத்தில் ஆகஸ்ட் 31 என்று எழுதியிருந்தும், அவருக்கு எஞ்சுவது ஏழெட்டு வாரமே.